ஒருகொடவத்தைக் கொப்பி

வாய்க்கரிசி போட்ட கனகேஸ்வரி நிமிரவில்லை. கணவனின் காதருகே குனிந்து, "இஞ்சருங்கோ, அந்தக் கொப்பி..." என்று தொடங்கினாள். அதற்குள் கணவனின் தங்கை சிவமணி பின்னாலிருந்து கட்டிப்பிடித்து, "எழும்புங்கோ மச்சாள், நேரம் போகுது" என்று இழுத்துவிட்டாள். பெட்டியை மூடினார்கள். பதினான்கு மாதமாக வாய்வரை வந்து வந்து திரும்பிப்போன பேச்சு இன்றும் பாதியில் நின்றது.

கணவன் யோகநாதனுக்கு மண்ணைச் சோதிக்கும் உத்தியோகம். யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் குதிக்காலால் நிலத்தை ஓர் அமுக்கு அமுக்குவார். "இந்த வீடு அரை அங்குலம் இறங்கும்" என்று சொல்லிவிட்டுத்தான் தேத்தண்ணியை வாங்குவார். அந்த மனுசனோடு ஒரு கலியாண வீட்டுக்கு நிம்மதியாகப் போய்வர முடியாது. முந்தாநாள் காலை கொழும்பு ஒருகொடவத்தையில், தான் கொட்டுவித்த மண்மேட்டில் நின்று அளவு பார்த்துக்கொண்டிருந்தவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

அந்த மேட்டைப் பற்றித் தயிர்ச் சோற்றை அமுக்கிக் காட்டி அவளுக்குப் பாடமே எடுத்திருக்கிறார். கொன்டெய்னர் அடுக்கும் முற்றம் அங்கே வரவேண்டும். கீழே இருப்பதோ வெறும் சேறு. முந்தி என்றால் மண்ணைக் கொட்டிவிட்டு பத்துப் பன்னிரண்டு வருடம் காத்திருப்பார்கள். இப்போது சேற்றுக்குள் பிளாஸ்டிக் நாடாக்களை நெருக்கமாக இறக்கி, மேலே மண்ணை ஏற்றுகிறார்கள். பாரம் அமுக்க அமுக்கத் தண்ணீர் நாடா வழியே மேலே வந்துவிடும், நிலம் ஒன்றரை வருடத்தில் இறுகிவிடும். எவ்வளவு தாழ்ந்தது என்று தினமும் அளந்து எழுத வேண்டும். தாழ்வது நின்ற பிறகுதான் மேட்டில் கைவைக்கலாம்.

அந்த அளவுகளை எழுதிய கொப்பியைத்தான் கனகேஸ்வரி எரித்தாள்.

போன வருடம் ஒரு பின்னேரம். கொட்டாஞ்சேனையில் அவர்களுடைய லேனைப் பொலிஸ் வளைத்து, வீடு வீடாகச் சோதித்துக்கொண்டு வந்தது. அவர் வேலைக்குப் போயிருந்தார். கொப்பி அன்றைக்கென்று மேசையில் கிடந்தது. உள்ளே ஒரு வரைபடம், அதில் புள்ளிகள், அம்புக்குறிகள், பக்கம் பக்கமாக இலக்கங்கள். அதற்கு முந்திய வாரம்தான் பக்கத்து லேனில் ஒரு வாத்தியாரை, வீட்டில் பூமிசாஸ்திரப் படம் இருந்ததற்காகப் புலியென்று பிடித்துக்கொண்டுபோயிருந்தார்கள். அவள் கொப்பியைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். குசினி அடுப்படியில் வைத்து ஒற்றை ஒற்றையாகக் கிழித்து எரித்துச் சாம்பலைக் கழுவி ஊற்றினாள். பொலிஸ் அவர்கள் வீட்டுக்கு வராமலே திரும்பிப்போனது.

அன்று இரவு யோகநாதன் வந்து தேடினார்.

"கனகம், என்ரை கொப்பியைக் கண்டனீரே?"

"நான் காணேல்லை."

குசினி வாசலில் நின்று அடுப்பைப் பார்த்தார். "அப்ப பஸ்ஸிலைதான் விட்டிட்டன் போல" என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போனார். நம்பித்தான் சொன்னாரா என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது.

பெட்டியோடு ஆண்கள் போனதும், பெண்கள் உள்ளறையிலிருந்து வீட்டைக் கழுவத் தொடங்கினார்கள். கூடத்துப் பாயில் கனகேஸ்வரி இருந்தாள். அப்போது வாசலில் பௌஸி மூச்சுவாங்க வந்து நின்றான். மேட்டில் அவர் அளக்கும்போது மட்டக்கோல் பிடிப்பவன்.

"செக்பொயின்ட்ல நிப்பாட்டிட்டாங்க, மிஸிஸ். சேர்ட பேக் இது."

பைக்குள் அவருடைய சாப்பாட்டுப் பெட்டி, குடை, அவள் முன்பு கண்டிராத ஒரு கொப்பி.

"பழைய கொப்பிய பஸ்ல விட்டதா சேர் ஒஃபீஸுக்கு எழுதிக் குடுத்தாரு. அங்க பெரியவர் எல்லாருக்கும் முன்னால வெச்சி ஏசினாரு. கெயார்லஸ்ஸாம்! முப்பது வருச சேர்விஸ்ல சேர் ஒரு பென்சில் தொலச்சதில்ல. அடுத்த நாளே இதுல முதல்ல இருந்து தொடங்கினாரு."

அவள் கொப்பியை எடுத்தாள். அட்டையில் தடித்த மையில் மூன்று மொழிகளிலும் எழுதியிருந்தது.

"பொலிஸ் பார்த்தா விளங்கட்டும்னு எழுதினாரு. சிங்களம் சரி, இங்கிலீஷும் சரி. தமிழ் எந்தப் பொலிஸுக்கு சேர்னு கேட்டேன். சும்மா சிரிச்சாரு."

சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் 'மண் அளவுகள்' என்று மட்டும் இருந்தது. தமிழில் இரண்டு வரி.

'இது மண் தாழும் கணக்கு. பயப்பட ஒன்றும் இல்லை.'

அவள் இரண்டாம் தரமும் வாசித்தாள்.

"கொப்பிய ஒஃபீஸுக்குக் குடுக்கணும், மிஸிஸ். இன்னும் அளவு முடியல்ல."

"நாளைக்கு வந்து எடுங்கோ, தம்பி."

அவன் கனத்தைச் சுடலைக்குப் போக ஓடினான். உள்ளேயிருந்து சிவமணி வாளித் தண்ணீரைக் கூடத்துக்குத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"எழும்புங்கோ மச்சாள், நனையப் போறியள்."

கனகேஸ்வரி எழும்பவில்லை. தண்ணீர் பாயைத் தொட்டு, சேலையில் ஊறியது. அவள் கொப்பியை மட்டும் இரண்டு கைகளாலும் நெஞ்சுயரத்துக்குத் தூக்கிப் பிடித்தபடி இருந்தாள்.