சிமியோன் பாடிய கசெற்

மரியநாயகி அந்தக் கசெற்றைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு வந்தாள். அவளுடைய கணவன் சிமியோனைக் குருநகர்ச் சேமக்காலையில் அடக்கம் பண்ணி மூன்று கிழமைதான் ஆகியிருந்தது. முடிச்சை அவிழ்த்துக் கசெற்றை யசிந்தாவின் கையில் வைத்தாள்.

"அக்கா, முப்பத்தொண்டாம் நாள் பூசை முடிஞ்சு சனம் வீட்டை வரேக்கை இதை ஒருக்காப் போடவேணும். சின்னவள் இப்பவே தேப்பன்ரை குரலை மறந்துபோனாள். அண்ணையிட்டைச் சொல்லுங்கோ. உங்கடை வீட்டிலைதானே றெக்கோடர் இருக்கு."

யசிந்தாவின் கணவன் சூசைதாசன் சிமியோனுக்கு மூத்தவன். 'அண்ணை' என்று மரியநாயகி சொன்னது அவனைத்தான்.

கசெற்றில் இருந்தது கூத்து. கரண்ட் இருந்த காலத்தில் கோயில் முற்றத்தில் ஒரு வேதசாட்சியின் கதையை இரவிரவாக ஆடினார்கள். சிமியோன்தான் வேதசாட்சி. கொலைக்களத்துக்குப் போகுமுன் தாயிடம் விடைபெற்றுப் பாடும் இடத்தில் முற்றம் முழுக்க மூக்கைச் சிந்தியது. யாரோ ஒருவர் மேடைக்குக் கீழே றெக்கோடரை வைத்துப் பதிந்து கொடுத்தார். அந்த ஒரு கொப்பிதான். வேறு எங்கேயும் சிமியோனின் குரல் இல்லை.

அண்ணனும் தம்பியும் ஒரே வள்ளத்தில்தான் போய்வந்தார்கள். மண்ணெண்ணெய் கிடைக்காததால் மோட்டரைக் கழற்றி வைத்துவிட்டுக் கம்பு ஊன்றி ஆழமில்லாத பரவைக் கடலில் இறாலுக்குப் போவார்கள். விடிந்து திரும்பி வரும்போது வள்ளத்தின் பக்கத்தில் ஷெல் விழுந்தது. சூசைதாசன் தம்பியை இடுப்பளவு தண்ணீரில் இழுத்துக்கொண்டு கரைக்கு வந்தான். வந்து சேர்ந்தபோது சிமியோன் முடிந்திருந்தான். சூசைதாசனின் இரண்டு காதிலும் இரத்தம். ஆஸ்பத்திரியில் பஞ்சு வைத்து, மருந்து விட்டு, தண்ணீர் படாமல் பார்க்கச் சொன்னார்கள். ஒரு கிழமையில் இரத்தம் நின்றது. காது ஆறிவிட்டது என்று வீட்டார் நினைத்தார்கள். அவனும் அப்படித்தான் நினைத்தான். கடற்கரைச் சனம் எப்போதும் உரத்துக் கதைக்கிற சனம். அதனால் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

"உடனை முடிஞ்சுது. ஒண்டும் சொல்லேல்லை" என்று மட்டும் செத்தவீட்டில் எல்லாருக்கும் சொன்னான். அதன்பிறகு அவன் அதிகம் கதைப்பதில்லை. கசெற்றைக் கண்டதும்தான் முகத்தில் ஓர் உயிர் வந்தது.

"நான் போடுறன். நல்ல வடிவாய்க் கேக்கப் பண்ணுறன்" என்றான்.

றெக்கோடர் யசிந்தாவின் தம்பி செபநாயகம் சவூதியிலிருந்து கொண்டுவந்தது. இரண்டு ஸ்பீக்கர் தனியாகக் கழற்றி வைக்கலாம். கரண்ட் நின்று மூன்று வருஷம். பற்றறியை ஆமி வர விடுவதில்லை. எல்லா வீட்டையும் போல அவர்களும் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து வயர் இழுத்தார்கள்.

முதல்நாள் போட்டபோது உறுமல்தான் கேட்டது. வேகமாகச் சுற்றினால் உறுமலும் வேகமாக ஏறியது. மெதுவாகச் சுற்றினால் மத்தளம் இழுபட்டுச் செத்தது. வயரைத் தொட்டால் படபடவென்று பொரிந்தது. பக்கத்து வீட்டு லூர்த்தம்மா வேலியால் எட்டிப் பார்த்து, "என்ன யசிந்தா, மா அரைக்கிறியளோ?" என்று கேட்டாள்.

சூசைதாசன் வயரை ஒவ்வொரு மூட்டாகப் பார்த்தான். உப்புக் காற்றில் செம்புக் கம்பி பச்சை பிடித்திருந்தது. கத்தியால் சுரண்டிப் புதிதாக முறுக்கிக் கட்டினான். ஸ்பீக்கர் வயர் செருகும் ஓட்டைகளை அரத்தாளால் தேய்த்தான். பொரிவது நின்றுவிட்டது. உறுமல் நிற்கவில்லை. றெக்கோடரைச் சாக்கில் சுற்றிச் சுண்டுக்குளியில் றேடியோ திருத்தும் செல்வநாயகத்திடம் கொண்டுபோனான். யசிந்தாவும் கூடப் போனாள்.

"டைனமோக் கரண்ட் நேராய் வராது, சூசை. துடிச்சுத் துடிச்சுத்தான் வரும். அந்தத் துடிப்புத்தான் ஸ்பீக்கரிலை உறுமுது" என்றார் செல்வநாயகம். ஒரு செத்த றேடியோவிலிருந்து நாலு டயோட்டும் தடித்த கண்டென்சர் ஒன்றும் கழற்றி, ஈயம் வைத்து, வயருக்கும் றெக்கோடருக்கும் நடுவில் ஒட்டிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து யசிந்தா மிதியைச் சுற்றினாள். உறுமல் அடியோடு போய்விட்டது. மத்தளம் தனியாக, தாளம் தனியாகக் கேட்டது. பிறகு சிமியோன். பாடுமுன் அவன் தொண்டையைச் செருமியதுகூடக் கேட்டது. அவள் கண்ணீர் வடிய வடியச் சுற்றிக்கொண்டே கணவனைப் பார்த்தாள்.

அவன் ஸ்பீக்கரோடு காதை ஒட்டிக்கொண்டு குந்தியிருந்தான். "இன்னும் இரையுது" என்றான்.

"உறுமல் போட்டுதே."

"உறுமலில்லை. இது கீச்செண்டு ஊசி மாதிரி. பாட்டுக்கு மேலாலை நிக்குது. பாட்டும் தலாணிக்குள்ளை இருந்து படிக்கிற மாதிரிக் கிடக்கு. ஒரு சொல்லும் விளங்கேல்லை. உனக்குக் கேக்கேல்லையே?"

கண்ணெல்லாம் குழிவிழுந்து, நித்திரை இல்லாமல், தாடி வளர்ந்த முகம். அந்த முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்ல அவளால் முடியவில்லை. காய்ச்சல்காரப் பிள்ளை எதையாவது புலம்பினால் ஓம் ஓம் என்று தலையாட்டுவதில்லையா, அப்படித்தான் சொன்னாள்.

"ஓம். கொஞ்சம் இரையுதுதான்."

அதோடு அவன் அந்த இரைச்சலின் பின்னால் போனான். கிணற்றடி ஈரமண்ணில் இரும்புக் கம்பி அடித்து எர்த் கொடுத்தான். பழைய வயரை எறிந்துவிட்டு, யாரிடமோ கெஞ்சித் தடித்த வயர் வாங்கிவந்து மாற்றினான். ஸ்பீக்கர்களை இடம் வலம் மாற்றினான். டைனமோவைச் சீலையால் சுற்றினான். ஓடிக்கொலோன் சென்ட் தொட்டு றெக்கோடரில் நாடா உரசும் ஹெட்டைத் துடைத்தான். ஒவ்வொன்றும் செய்து முடித்து அவளைச் சுற்றச் சொல்லிவிட்டு, "இப்ப?" என்று கேட்பான்.

"குறைஞ்சிருக்கு" என்பாள் அவள்.

குறைந்திருக்கிறது என்று சொன்னால் விட்டுவிடுவான் என்று அவள் எண்ணினாள். குறைந்தால் இன்னும் மிச்சம் இருக்கிறது என்று அவன் எண்ணினான். சும்மா இருக்கும் நேரத்திலும் அந்தச் சத்தம் அவன் காதில் இருந்திருக்கும். கடல், காற்று, சில்வண்டு என்று அதற்கு ஏதோ ஒரு பெயர் கிடைத்திருக்கும். தம்பியின் குரலைத் தேடிக் காதைக் கூர்மையாக்கும்போதுதான் அது குறுக்கே வந்து நின்றது.

சாப்பாடும் குறைந்தது. கடைசியில் செல்வநாயகம் உக்கின கண்டென்சரைத் தலையில் கட்டிவிட்டார் என்று தொடங்கிவிட்டான். கடைக்கே போய்ச் சத்தம் போட்டான். செல்வநாயகம் கோபிக்கவில்லை. பின்னேரம் சைக்கிளில் வீட்டுக்கு வந்தார். யசிந்தாவைச் சுற்றச் சொல்லி, ஸ்பீக்கரின் முன்னால் இருந்து ஒரு பாட்டு முழுக்கக் கேட்டார்.

"சூசை, இதிலை இரைச்சல் இல்லை."

"என்ன கதை கதைக்கிறியள்? எனக்கு விசர் எண்டோ? யசிந்தாவுக்கும் கேக்குது. கேட்டுப் பாருங்கோ அவளை!"

செல்வநாயகம் யசிந்தாவைப் பார்த்தார். அவள் சொல்லியிருக்கலாம். பிறத்தி ஆள் முன்னால் புருஷனைப் பொய்யனாக்க அவளுக்கு மனம் வரவில்லை. தலையைக் குனிந்து மிதியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவருக்கு விஷயம் விளங்கியிருக்க வேண்டும். அவன் காதுகளைப் பார்த்தார். அவன் முகத்தையும் பார்த்தார். எழும்பிச் சைக்கிளைப் பிடித்தபடி, "நான் செய்யிறதுக்கு இனி ஒண்டுமில்லை. கசெற்றும் பழசுதானே, அதிலையும் ஏதும் இருக்கலாம்" என்றார்.

தப்பிப் போவதற்காகச் சொன்ன சொல். சூசைதாசனோ அதைத்தான் பிடித்துக்கொண்டான்.

மறுநாள் காலை யசிந்தா நிவாரண அரிசிக்குச் சங்கக்கடைக்குப் போனாள். வரிசை நீண்டு, வெயில் ஏறித்தான் திரும்பினாள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஓடிக்கொலோன் மணந்தது. அறையில் சூசைதாசன் நிலத்தில் இருந்தான். கசெற் இரண்டு ஓடாகப் பிரிந்து பாயில் கிடந்தது. அவன் மடியில், கால்களுக்கிடையில், மீன் வயிற்றைக் கிழித்துக் கொட்டிய மாதிரி நாடா குவிந்து கிடந்தது. மண்ணிறமாக, சுருண்டு, சில இடத்தில் கசங்கி வெள்ளைக் கோடு விழுந்து. றெக்கோடரின் வாய்க்குள்ளும் ஒரு கொத்துச் சிக்கியிருந்தது. அதைப் பிடித்து இழுத்திருக்கிறான், அறுந்துவிட்டது.

"ஐயோ, என்ன செய்தனீங்கள்?"

"நாடாவைத் துடைச்சுப்போட்டுத் திருப்பிப் பூட்டினன். நல்லாய்த்தான் ஓடினது. பிறகு இழுத்துப்போட்டுது." கிழிந்த வலை பொத்தும் கை. சிக்கெடுக்கத் தெரிந்த கை. இப்போது இழுக்க இழுக்கச் சிக்கு இறுகியது. "துடைச்சும் போகேல்லை, யசிந்தா. இப்பவும் இரையுது. கேக்குதே உனக்கு?"

"என்ன கேக்குது?"

"உந்த இரைச்சல்!"

சைக்கிள் சில்லு அசையாமல் நின்றது. றெக்கோடரின் வாய் திறந்து கிடந்தது. அவள் சில்லைக் கையால் காட்டினாள். அவன் சில்லைப் பார்த்தான். எட்டி வயரைப் பிடுங்கினான். கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு இரண்டு உள்ளங்கையாலும் காதுகளை இறுகப் பொத்தினான். அவன் கண்கள் அவளை விட்டு அசையவில்லை. பொத்தினால் அது கூடியிருக்க வேண்டும். முகம் மெல்ல மெல்லக் கோணிப் போனது.

கையை எடுத்தான். "நீ கேக்குது எண்டனியே."

"எனக்கு ஒருநாளும் கேக்கேல்லை."

"ஒருநாளும்?"

"செல்வநாயகத்தார் கண்டென்சர் போட்ட நாளிலையிருந்து கண்ணாடி மாதிரிக் கேட்டது. உங்கடை மனம் நோகக்கூடாதெண்டு சொன்னனான்."

அடிப்பான் என்று நினைத்தாள். அடித்திருந்தால் தாங்கியிருப்பாள். அவன் மடியில் கிடந்த நாடாவைத் தடவிக்கொண்டு, தரையைப் பார்த்தபடி கதைத்தான்.

"அவன் உடனை சாகேல்லை. தண்ணிக்குள்ளை பிடிச்சுக்கொண்டு வரேக்கை என்ரை முகத்தைப் பாத்து ஏதோ சொன்னவன். திரும்பத் திரும்பச் சொன்னவன். வாய் அசையிறது தெரியுது. எனக்கு உந்தக் கீச்சுத்தான் கேட்டது. என்ன எண்டு கத்திக் கேட்டன். பிறகும் சொன்னவன். ஆருக்குப் போய் இதைச் சொல்ல? அதுதான் ஒண்டும் சொல்லேல்லை எண்டனான். கசெற்றிலை அவன்ரை குரலை வடிவாய்க் கேட்டுப் பழகினால், அண்டைக்கு என்ன சொன்னவன் எண்டு பிடிச்சிடலாம் எண்டு நினைச்சன்."

யசிந்தா அரிசிப் பையை அப்படியே போட்டுவிட்டு அவன் பக்கத்தில் இருந்தாள். இருவருமாக நாடாவைச் சிக்கெடுக்கத் தொடங்கினார்கள்.

செல்வநாயகம் தன்னால் ஆனதைச் செய்தார். கசங்கிக் கிழிந்ததை வெட்டி எறிந்து, மிச்சத்தை ஒட்டி, வேறு கசெற் ஓட்டில் போட்டுக் கொடுத்தார். பூசைக்கு முதல்நாள் சூசைதாசனே மரியநாயகியின் வீட்டுக்குப் போனான். யசிந்தாவும் போனாள். செய்தது எல்லாவற்றையும் சொன்னான், கசெற்றை மட்டுமல்ல, தண்ணீருக்குள் நடந்ததையும். மரியநாயகி சத்தம் போடவில்லை. "மிச்சத்தைப் போடுங்கோ" என்றாள்.

பூசை முடிந்து சனம் யசிந்தாவின் வீட்டில் சாப்பிட்டுப் போனபிறகு, அவளும் இரண்டு பெண்பிள்ளைகளும் பாயில் இருந்தார்கள். சூசைதாசன் மிதியைச் சுற்றினான். மத்தளம் வந்தது. கூத்தைப் பழக்கிய அண்ணாவியாரும் பிற்பாட்டுக்காரரும் பாடினார்கள். கட்டியகாரன் பகிடி சொன்னான். ஓரிடத்தில் நாடா ஒட்டுக்கு மேலால் துள்ளியது. அதன்பின் தாய் வேஷக்காரன், "போய்வா மகனே" என்று அழுது பாடினான். மகனாகச் சிமியோன் விடைபெற்றுப் பாடியதெல்லாம் வெட்டியெறிந்த துண்டில் போயிருந்தது.

சின்னவள் தாயைச் சுரண்டினாள். "அம்மா, இதிலை அப்பா எது?"

மரியநாயகி முடியுமட்டும் இருந்து கேட்டாள். பிறகு எழும்பி, சூசைதாசனின் முன்னால் வந்து முழங்காலில் இருந்து, அவனுக்குக் கேட்கும்படி உரத்துச் சொன்னாள்.

"அண்ணை, அவர்ரை வாய் எப்பிடி அசைஞ்சது? செய்து காட்டுங்கோ."

சூசைதாசன் யசிந்தாவைப் பார்த்தான். பிறகு வாயை அசைத்துக் காட்டினான். மரியநாயகி முகத்தைக் கிட்டக் கொண்டுவந்து அவன் உதட்டைப் பார்த்தாள்.

"இன்னொருக்கா."

அசைத்தான். முதலில் செய்தது போல இருக்கவில்லை. மூன்றாம் முறை இரண்டையும் போல இருக்கவில்லை. "தண்ணியோ?" என்றாள் மரியநாயகி. "நாயகி எண்டோ?" அவன் விழித்தான். அவள் கேட்பது ஒவ்வொன்றையும் அவன் உதடு தானாகவே செய்யப் பார்த்தது.

யசிந்தா நடுவில் வந்து நின்றாள். "காணும், விடு நாயகி. அவருக்கு நினைவில்லை. நீ எதைக் கேட்டாலும் இனி அதைத்தான் செய்து காட்டுவார்."

மரியநாயகி அவளை நிமிர்ந்து பார்த்தாள். பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே போனாள். கசெற்றை எடுக்கவில்லை. அதன்பின் அந்த வீட்டு வாசலை அவள் மிதிக்கவில்லை. கோயிலில் கண்டால் மற்றப் பக்க வாங்கில் போய் இருப்பாள்.

சூசைதாசனை வள்ளத்தில் ஏற்ற ஒருவரும் துணியவில்லை. மோட்டர்ச் சத்தமோ ஹெலிச் சத்தமோ கேட்காத ஆளைக் கூட்டிக்கொண்டு யார் கடலுக்குப் போவார்கள்? வீட்டுக் கோடியில் இருந்து மற்றவர்களின் வலையைப் பொத்திக் கொடுத்தான். கதைக்க வேண்டுமானால் யசிந்தா அவன் முன்னால் வந்து நின்று, முகம் பார்த்துக் கதைப்பாள். ஷெல் விழத் தொடங்கினால் ஓடிப்போய் அவன் தோளைத் தட்டுவாள். அவன் ஊசியைக் கீழே வைத்துவிட்டு, அவள் பின்னால் பங்கருக்கு நடப்பான்.