மணி கட்டிய ஸ்கூட்டி

மாட்டுக்குக் கட்டுகிற மணியை ஸ்கூட்டிக்குக் கட்டலாம் என்ற மகா யோசனை சாமித்தம்பியுடையது. கரடியனாற்றுக்கு அப்பால், குளக்கட்டை ஒட்டி அவருடைய மாட்டுப்பட்டி இருக்கிறது. பட்டி பட்டியாகப் பால் சேர்த்து நிலையத்துக்குக் கொண்டுபோகிற தனுஷியா, தினமும் விடியல் வெள்ளாப்பில் முதலில் பால் எடுப்பது அங்கேதான். மனுசன், மந்தையை நடத்திப் போகிற தன் முன்மாட்டின் கழுத்திலிருந்தே மணியைக் கழற்றி, அவளுடைய ஸ்கூட்டியின் முன்பக்கத்தில் நைலோன் கயிற்றால் இறுக்கிக் கட்டினார். கட்டிவிட்டு, ஏதோ விமானம் செய்து முடித்தவர்போலத் தள்ளி நின்று பார்த்தார்.

"இனிப் பயமில்லாமப் போ மகள். இந்தச் சத்தம் கேட்டா பெரியவர் தானா விலகிப் போயிருவார்."

பெரியவர் என்றால் யானை. காட்டோரத்தில் அதன் பேரைச் சொன்னால் வந்து நிற்கும் என்று அந்தப் பக்கத்தில் யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள்.

மணி கட்டுகிற நிலைமை வந்ததற்கு ஸ்கூட்டியின் அமைதிதான் காரணம். முன்பு தனுஷியா ஓடியது ஒரு பழைய பெற்றோல் பைக். அதன் பெற்றோல் தாங்கியில் எங்கேயோ ஒரு கசிவு. எத்தனை தரம் ஒட்டினாலும் அடங்காது. ஒருநாள் பால் வாங்கும் நிலையத்தில் கேனைத் திறந்து மணந்து பார்த்துவிட்டு, பெற்றோல் மணக்குது, கொண்டு போங்க என்று திருப்பிவிட்டார்கள். நல்ல பாலை வடிகானில் கவிழ்க்கும்போது அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. அதன் பிறகுதான் அடம்பிடித்து இந்த மின்சார ஸ்கூட்டியை எடுத்தாள். புகை இல்லை, மணம் இல்லை, வயல் வரம்பில் நிற்கிற கொக்குகூட எழும்பாது. என்ன ஒன்று, சுமை கூடினால் ஏற்றத்தில் மூச்சு வாங்கும். போகட்டும், நமக்கும்தான் வாங்குகிறது என்று விட்டுவிட்டாள்.

அவளுடைய புருஷன் வினோஜன் செங்கலடியில் ஓட்டோ ஓடுகிறவன். ஸ்கூட்டி வீட்டுக்கு வந்த நாளிலிருந்தே அவனுக்கும் அதற்கும் ஒத்துவரவில்லை.

"புகை இல்ல எண்டு பெரிசாக் கதைக்காத. கரண்ட் எங்கருந்து வருது? அங்க நிலக்கரிய எரிக்கிறான், இஞ்ச நீ சுத்தக்காரி. இந்த பெட்டரி செத்தா எங்க கொண்டு போடுவாய்? குளத்துக்குள்ளயா?"

முதல் கேள்விக்கு அவள் ஏதேதோ சொல்லிச் சமாளித்தாள். ஆனாலும் உன் ஓட்டோ தினமும் கக்குகிறதைவிட இது குறைவுதானே என்றாள். இரண்டாவது கேள்விக்கு, கேன்களைக் கழுவ எழுந்து போனாள். பக்கத்து வளவுக்காரனின் செத்த பெட்டரி கிணற்றடியில் வீங்கிப்போய்க் கிடப்பதை அவளும் பார்த்திருக்கிறாள். அதைக் கடக்கும்போதெல்லாம் மனம் கொஞ்சம் உறுத்தும்.

நிலக்கரியும் பெட்டரியும் வினோஜன் வாயால் சொன்ன காரணங்கள். வயிற்றுக்குள் இருந்தது வேறு. அவனுடைய கூட்டாளி நிலோஜன் போன வருசம் அதே குளக்கட்டுப் பாதையில்தான் போனான், சைக்கிளில். சைக்கிளுக்கு ஏது சத்தம்? இவன் வருவது பெரியவருக்குத் தெரியவில்லை, பெரியவர் நிற்பது இவனுக்குத் தெரியவில்லை. அவன் உடலைத் தூக்கி ஏற்றிக்கொண்டு வந்தது வினோஜனின் ஓட்டோவில். அன்றிலிருந்து ஊரில் எல்லோரும் அந்த வயல் வட்டைக்குள் நுழைந்தால் என்ஜினை முறுக்கி அலறவிட்டுக்கொண்டுதான் போகிறார்கள். இவன் பெண்சாதி மட்டும் பூனைபோலப் போய்வந்தால் அவனுக்கு எப்படி நித்திரை வரும்? அதைத்தான் அவள் சாமித்தம்பியிடம் சொல்லிக் குறைப்பட்டாள். அவரும் மணியைக் கட்டிவிட்டார்.

முதல் நாளே கூத்து. மணிச்சத்தத்தைக் கேட்டு இரண்டு கிடாரிக் கன்றுகள் முன்மாடுதான் போகிறதாக்கும் என்று ஸ்கூட்டிக்குப் பின்னால் பிரதான வீதிவரை வந்துவிட்டன. சாமித்தம்பி சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு, தன்னையே தான் ஏசியபடி ஓடிவந்து அவற்றைத் திருப்பிக்கொண்டு போனார். தனுஷியா சிரித்துச் சிரித்து வயிறு நொந்தாள்.

அந்தக் கிழமை முடியுமுன்னே, மருதமரத்து வளைவில் அது நின்றது.

பாதையை அடைத்துக்கொண்டு, அவளுக்கு முதுகைக் காட்டி, புல்லைப் பிடுங்கிக் காலில் தட்டி மண் உதிர்த்துத் தின்றுகொண்டிருந்தது. மணி கணகணவென்று அடித்துக்கொண்டேயிருந்தது. அதன் காது ஒன்றுகூடத் திரும்பவில்லை. பிரேக்கைப் பிடித்த பிறகுதான் அவளுக்கு விளங்கியது. கோடை முழுக்க இதே குளத்தடியில் மாடுகளுக்கு நடுவேதான் யானைகளும் மேய்கின்றன. மாட்டுமணிக்கு அவை ஏன் விலக வேண்டும்? அடக் கடவுளே, எங்களுக்கு இது தோன்றவில்லையே என்று நினைத்தாள். கை தானாகப் போய் மணியின் நாக்கைப் பொத்திப் பிடித்தது.

மணி நின்றதும் மற்றச் சத்தம் கேட்டது. இடப்பக்கப் பற்றைக்குள் கிளை முறிகிறது. கூடவே சின்னதாக ஒரு பிளிறல். குட்டியோடு இன்னொன்று, அவளுக்கு மிகக் கிட்ட. காலால் தரையை உந்தி உந்தி ஸ்கூட்டியைத் திருப்பி, வந்த வழியே மெல்ல விட்டாள். அவள் போன சத்தத்துக்கு ஒரு புல்லும் அசையவில்லை. பட்டிக்குத் திரும்பி, வெயில் ஏறும்வரை இருந்தாள். அன்றைய பால் திரைந்துபோனது. மணியைக் கழற்றிச் சாமித்தம்பியின் கையில் கொடுத்தாள். அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

வீட்டுக்குப் போய் ஆறுதலாகச் சொல்லலாம் என்று நினைத்திருந்தாள். சாமித்தம்பியின் மனைவி சீதேவிப்பிள்ளை அதற்குள் போன் எடுத்துச் சொல்லிவிட்டார். வினோஜன் ஓட்டத்துக்குப் போகாமல் முற்றத்தில் நின்றான்.

"வித்துப்போடு. இல்லாட்டி பால் எடுக்கிறத விடு. ரெண்டில ஒண்டு."

"அந்தப் பட்டிக்காரர் எல்லாரும் என்னத்தான் நம்பிக் கிடக்காங்க. வேற ஆர் போவாங்க அங்க? எனக்கெண்டு இருக்கிறதும் இந்த ஒரு வேலதான்."

"அப்ப பைக்க எடு."

"பைக்கில போயிருந்தா, குட்டியோட நிண்டது முறிச்ச சத்தம் எனக்குக் கேட்டிருக்குமா? முன்னுக்கு நிண்டதுக்குப் பயந்து நேரா அதுக்குள்ளதான் விட்டிருப்பன்."

"பைக் சத்தத்துக்கு ரெண்டும் எப்பவோ விலகியிருக்கும்!"

"குட்டியோட நிக்கிறது விலகுமா, அடிக்க வருமா? உங்களுக்குத் தெரியுமா?"

அவனுக்குத் தெரியாது. அவளுக்கும் தெரியாது. வினோஜன் ஓட்டோவின் படியில் குந்திக்கொண்டு முகத்தைத் துடைத்தான். "உன்னக் குடுத்திட்டு நான் சுத்தக் காத்த வெச்சி என்ன செய்யிற புள்ள?" என்றான். அவள் அவனுக்குப் பக்கத்தில் இருந்தாள்.

மறுநாள் வெள்ளாப்பில் அவள் கேன்களைக் கட்டும்போது ஓட்டோ உறுமியது. "நான் முன்னுக்குப் போறன். நீ பின்னுக்கு வா," என்றான்.

அப்படித்தான் போனார்கள். புகையில்லாத வண்டிக்கு வழிவிடுவிக்க, ஊரை எழுப்புகிற சத்தத்தோடும் நீலப் புகையோடும் ஒரு வண்டி முன்னால். ஒருத்தி எடுக்கிற பாலுக்கு இரண்டு வண்டி! தனுஷியா அவனுடைய புகையைக் குடித்து இருமியபடி பின்னால் போனாள். சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. இப்படிப் போவதற்குப் பழைய பைக்கே தேவலை என்று மனம் கணக்குப் பார்த்தது. அந்தக் கணக்கில் முன்னால் போகிறவனின் பயத்தை எந்தப் பக்கம் எழுதுவது என்றுதான் தெரியவில்லை.

மருதமரத்து வளைவுக்குக் கொஞ்சம் முன்பு அவள் ஹோன் அடித்தாள். ஓட்டோ நின்றது.

"என்ஜின நிப்பாட்டுங்க."

"விசரா உனக்கு? இவடத்தயா?"

"ஒருக்கா நிப்பாட்டிக் கேளுங்க. இண்டைக்கு மட்டும்."

அவன் இரண்டு பக்கப் பற்றையையும் பார்த்தான். பிறகு சாவியைத் திருப்பினான். ஓட்டோ குலுங்கி ஓய்ந்தது. புகை மெல்லக் கலைய, வட்டையின் சில்வண்டும் தூரத்து நீர்க்கோழியும் ஒவ்வொன்றாகக் காதில் விழுந்தன. அதன் பிறகு, வலப்பக்கம் உயர்ந்து நின்ற இலுக்குப் புல்லுக்குள், அவர்கள் நினைத்ததைவிடக் கிட்ட, ஏதோவொன்று நீளமாக மூச்சு விட்டது.

வினோஜனின் கை சாவிக்குப் போனது. தனுஷியா இறங்கிவந்து அந்தக் கையின்மேல் தன் கையை வைத்தாள். இருவரும் புல்லையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.