குண்டானில் வெந்த கல்

அண்ணனூர் ரயில் பணிமனையில் எலக்ட்ரீஷியனாக இருக்கும் எழிலுக்கு மீன் வளர்ப்பில் சின்ன வயதிலிருந்தே கிறுக்கு. இந்த வருஷம் கடல் தொட்டி வைத்தே தீருவது என்று நின்றான். பட்டாபிராமில் புதிதாகக் குடிவந்த வீட்டு ஹாலில், டிவி வைக்கவேண்டிய இடத்தில் தொட்டி வந்து உட்கார்ந்தது. மனைவி யுவராணி டிவியைப் படுக்கையறைக்கு மாற்றிக்கொண்டாள். அவன் இவ்வளவு பொறுமையாக ஒரு வேலை செய்து அவள் பார்த்ததே இல்லை.

வடிகட்டிய தண்ணீரில் உப்பைக் கரைத்து, அளந்து, மறுபடி கரைத்தான். கடல் கற்களை அடுக்கிவிட்டு, மீனே இல்லாமல் வாரக்கணக்கில் பம்பை மட்டும் ஓடவிட்டான். தண்ணீர் பக்குவப்படணுமாம். அப்புறம் ஒரு நாள் தெர்மாகோல் பெட்டியில் பவளங்கள் வந்தன. கல் மாதிரி இருக்காது, சதை மாதிரி மெத்தென்று இருக்கும், புதுசாக ஆரம்பிக்கிறவர்களுக்கு இதுதான் சுலபம் என்று விற்றவர் சொல்லியிருந்தார். ஒன்று காளான் போல விரிந்தது. ஒன்று விரல்களை நீட்டி அசைந்தது. ஒரு கல்லில் மட்டும் பழுப்பு நிறத்தில் பொத்தான் போன்ற பவளங்கள் நெருக்கமாக ஒட்டியிருந்தன.

காளான் விரிவதைப் பார்த்துக்கொண்டேதான் யுவராணி காலையில் காபி குடிப்பாள். பொத்தான்களைத்தான் அவளுக்குப் பிடிக்கவில்லை. அவை பக்கத்துக் கல்லுக்குத் தாவின. தொட்ட இடத்தில் காளான் சுருங்கி, ஒரு நாள் கூழாகக் கரைந்துபோனது. எழில் நகத்தால் சுரண்டிப் பார்த்தான். சாயங்காலம் விரல் நுனி மரத்துக் கிடக்கிறது என்றான். எந்நேரமும் உப்புத்தண்ணீரில் கையை விட்டால் அப்படித்தான் இருக்கும் என்று அவளே சமாதானம் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் மாடியில் துணி காயப்போட்டுவிட்டு இறங்கும்போது படிக்கட்டிலேயே வாடை அடித்தது. கருவாடு என்று நினைத்தாள். கொசுவுக்காகச் சாத்திய ஜன்னல்கள் சாத்தியபடியே இருந்தன. சமையலறையில் பிரியாணி செய்கிற குண்டான் அடுப்பில் கொதித்தது. உள்ளே அந்தக் கல். பொத்தான்கள் ஒட்டுமொத்தமாகச் சாகட்டும் என்று எழில் அதை வேகவைத்திருந்தான்.

குண்டானுக்காகத்தான் முதலில் கோபம் வந்தது. திட்ட வாயைத் திறந்தவளுக்கு, இரும்பை நக்கிய மாதிரி நாக்கில் ஒரு கசப்பு. எழில் மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றான். உதடு வெளுத்திருந்தது.

"நெஞ்ச புடிச்சிகினு கீது யுவா," என்றான். "காலு என்னுது மாதிரியே இல்ல."

எதனால் என்று அவளுக்குப் புரியவில்லை. அந்த ஆவி மட்டும்தான் வீட்டில் புதுசு. மூச்சை அடக்கி அடுப்பை அணைத்தாள். அவனை இழுத்துக்கொண்டு வெளியே வந்து கதவைப் பூட்டினாள். ஆட்டோ ஆவடி போய்ச் சேர்வதற்குள் அவன் உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. அவளுக்கும் இருமல் நிற்கவில்லை.

ஆஸ்பத்திரியில் என்ன சாப்பிட்டார் என்றுதான் கேட்டார்கள். பவளம் என்று அவள் சொன்னதை இளம் டாக்டர் மறுபடி சொல்லச் சொன்னார். பிறகு போனில் தேடிப் படித்தார். படிக்கப் படிக்க அவர் முகம் மாறுவதை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். இந்தப் பொத்தான் வகையில் சிலவற்றுக்குக் கொடிய விஷம் உண்டு, கொதிக்கவைத்தால் ஆவியோடு நெஞ்சுக்குள் போகும், மாற்று மருந்து கிடையாது என்றார்.

அவளுக்கு இருமலும் அன்றிரவு வந்த காய்ச்சலும் சீக்கிரமே விட்டன. எழில் பல நாள் மூச்சுக்குத் திணறிக் கிடந்தான். இனி பயமில்லை என்று டாக்டர் சொன்ன காலையில் அவளைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் விட்டார்கள். அவன் ஆக்ஸிஜன் முகமூடியை நகர்த்தினான்.

"கூட வேலை செய்ற அசோக்குக்கு அவன் தொட்டில வெக்க அந்தக் கல்லுல பாதி ஒடச்சிக் குடுத்தேன். போன் பண்ணு."

வராந்தாவுக்கு ஓடினாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டாள். கடைசியில் அசோக்கின் மனைவி ராதிகா எடுத்தாள். போனை வீட்டிலேயே வைத்துவிட்டு அவர் ஷிஃப்டுக்குப் போய்விட்டார் என்றாள். அந்தக் கல்லில் இருந்தது தொட்டி பூராவும் பரவுகிறதாம், வெளியே எடுத்து வைத்திருக்கிறாராம்.

"பாத்ரூம் பக்கெட்ல கீதுக்கா. மேல ஊத்தத்தான் வெந்நி வெச்சிகினு கீறேன்."

அடுப்பை அணை, அதைத் தொடாதே, கதவைச் சாத்திவிட்டுத் தெருவுக்கு வா என்று யுவராணி சொன்னாள். ராதிகா அப்படியே செய்தாள். கதவு சாத்தும் சத்தம் போனிலேயே கேட்டது.

"சரிக்கா. இப்ப அத இன்னா பண்றது?"

அந்த ஆவியோடு பூட்டிவிட்டு வந்த தன் வீட்டுக் கதவை எப்படித் திறப்பது என்றே யுவராணி இன்னும் யாரையும் கேட்டிருக்கவில்லை.