பூவுக்குக் கீழே மூட்டிய தீ

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கண்ணாடி ஜாடிகள் குலுங்கும் பையோடு பஸ்ஸை விட்டு இறங்கிய சுல்மா, தன் வீட்டுப் புகைபோக்கியிலிருந்து புகை வருவதைப் பார்த்தாள். லாஸ் பியெத்ராஸ் ஊரில் ஞாயிறு என்றால் எல்லார் வீட்டிலும்தான் புகையும். மாட்டு விலாவைத் தணலில் சுடாத வீட்டைப் பார்த்தால் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று விசாரிக்க வந்துவிடுவார்கள். ஆனால் அவள் வீட்டில் இன்று புகையக் கூடாது. மூட்ட மாட்டேன் என்று அந்த வீட்டு ஆம்பிளை தலையில் அடித்துச் சத்தியம் பண்ணியிருந்தான்.

ஓட முடிந்திருந்தால் ஓடியிருப்பாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு விந்தி விந்தி நடந்தாள்.

அந்த இடுப்பு பள்ளிக்கூடச் சமையலறையில் போனது. ஈரத் தரையில் சூப் அண்டாவோடு வழுக்கி விழுந்தவள், அதற்குப் பிறகு ஒழுங்காகத் தூங்கியதில்லை. மாத்திரை விழுங்கினால் வயிறு எரிந்தது, விழுங்காவிட்டால் இடுப்பு எரிந்தது. சிநேகிதி நீபியாதான் தன் தோட்டத்துக் கஞ்சாவில் கொஞ்சம் சுருட்டிக் கொடுத்து, படுக்கப் போகும் முன் இழுத்துப் பார் என்றாள். அன்றைக்கு சுல்மா விடிகிறவரை அடித்துப் போட்டது போலத் தூங்கினாள். அந்த நாட்டில் வீட்டுக்குக் கொஞ்சம் வளர்க்கச் சட்டத்தில் இடமுண்டு. அடுத்த வாரமே அரசாங்க அலுவலகத்தில் முறைப்படி பதிந்துவிட்டு வந்து கொல்லையில் செடி வைத்தாள்.

முதல் விளைச்சலை அவளே கெடுத்துக்கொண்டாள். அவசரம்! ஈரம் காய்வதற்குள் பூவை ஜாடியில் அடைத்தாள். திறந்தபோது சாம்பல் நிறத்தில் பூஞ்சை, மாட்டு மூத்திர நாற்றம். அத்தனையையும் குப்பையில் கொட்டிவிட்டு ஒரு வருஷம் கொட்டக் கொட்ட விழித்துக் கிடந்தாள்.

இந்த முறை அப்படி விடவில்லை. பூவின் மேல் பொடிப் பொடியாக நிற்கும் பிசின் மணிகளை லென்ஸ் வைத்துப் பார்த்தாள். பால் நிறமாகி, அங்கங்கே தேன் நிறம் தட்டுகிறவரை கத்திரியைத் தொடவில்லை. வெட்டிய பிறகு பெரிய இலைகளைக் கிள்ளிவிட்டு, கிளைகளைத் தலைகீழாகத் தொங்கவிட இடம் தேடினாள்.

"வெளிச்சம் படக் கூடாது, சூடு படக் கூடாது, காத்து மட்டும் மெதுவா வந்து போகணும்," என்றாள் நீபியா. "தினம் ஒரு காம்பை வளைச்சுப் பாரு. வளைஞ்சா உள்ள ஈரம் இருக்கு. டக்குனு ஒடிஞ்சாதான் ஜாடிக்குள்ள போடணும். போட்டுட்டு மறந்துராதடி, தினம் மூடியைத் திறந்து கொஞ்சம் மூச்சு விட விடணும்."

உப்பு கூடக் கசிந்து கட்டியாகிப்போகிற அந்த மார்ச் மாத ஈரத்தில், வீட்டில் காய்ந்த இடம் ஒன்றே ஒன்றுதான். கொல்லைக் கோடியில் இருந்த பரிஷேரோ. செங்கல் அடுப்பும் இரும்புக் கம்பித் தட்டும் புகைபோக்கியுமாக அவள் புருஷன் எல்பியோ தன் கையால் கட்டிய அறை. கறி சுடும் அந்த அறைக்குள் வேறு யாரும் துடைப்பம் எடுத்துப் போனால்கூட அவனுக்குப் பொறுக்காது.

"என் அறையைக் கேக்குற," என்றான்.

"என் தூக்கத்தைக் கேக்குறேன்யா."

அவன் ரொம்ப நேரம் மத்தே இலைத் தேநீரை உறிஞ்சினான். பிறகுதான் அந்தச் சத்தியம்.

இன்று காலையில் பார்த்தபோது காம்பு வளைந்தது. ஆனால் முறுமுறுவென்று சத்தம் கொடுத்தது. நாளைக்கு ஒடிந்துவிடும் என்ற சந்தோஷத்தில்தான் ஜாடி வாங்க நீபியா வீட்டுக்குப் போனாள். போன மனுஷி திரும்பி வருவதற்குள் இந்த வேலை!

கதவைத் தள்ளினாள். எல்பியோவும் அவன் கூட்டாளிகளும் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். தட்டில் விலாவும் சோரிசோத் தொத்திறைச்சியும் கொழுப்பு சொட்டச் சொட்டப் பொரிந்தன. அதற்கு நேர் மேலே, விட்டத்தில், அவளுடைய கிளைகள் புகையில் ஆடிக்கொண்டிருந்தன.

"வாங்க அண்ணி, சரியான நேரத்துக்கு வந்தீங்க," என்றான் வில்மார், வாயில் ரொட்டியோடு.

"எல்பியோ, நீ மனுஷனா?"

"கத்தாத. வெளிய தூறுது. இவனுங்களை எங்க உக்கார வைக்கிறது? சின்னத் தீதான் போட்டேன்."

"சின்னத் தீயா! முழு மாட்டையும் படுக்கப் போட்டிருக்க!"

"அட, உனக்கு உதவிதான் பண்ணிருக்கேன். இங்க பாரு." எட்டி ஒரு கிளையை ஒடித்தான். டக்கென்று சத்தம் வந்தது. "ஒடிஞ்சிருச்சா? நீ நாளைக்குன்ன, நான் இன்னைக்கே காய வெச்சிட்டேன்."

"சலாமிக் கறியே புகையிலதான அண்ணி ருசியாகுது," என்றான் வில்மார். எல்லாரும் சிரித்தார்கள்.

எப்படிச் சிரிப்பு வரும் ஒரு ஜென்மத்துக்கு! சுல்மா அந்தக் கிளையை வாங்கிப் பார்த்தாள். பிசுபிசுத்த பூவெல்லாம் கரி அப்பியிருந்தது. விரலில் கொழுப்பு ஒட்டியது. கசக்கினால் தூளாக உதிர்ந்தது. ஆனாலும் மனசு கேட்கவில்லை. கொஞ்சம் கிள்ளிச் சுருட்டிப் பற்றவைத்து ஓர் இழுப்பு இழுத்தாள். தொண்டையில் கருகிய கொழுப்பு இறங்கியது. இருமல் பிடித்துக்கொண்டது. ஒவ்வோர் இருமலுக்கும் இடுப்பில் யாரோ உளியை இறக்கினார்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு பாதியாக மடங்கினாள்.

"தண்ணி கொண்டாங்கடா," என்றான் எல்பியோ, உட்கார்ந்தபடியே.

யாரோ ஒருத்தன் கையெட்டும் தூரத்திலிருந்த வாளியை அவள் பக்கம் தள்ளிவிட்டான். சுல்மா நிமிர்ந்தாள். வாளியைத் தூக்கி, அப்படியே தணலில் கவிழ்த்தாள்.

சுர்ரென்று சாம்பல் பறந்தது. கறி சேறானது. அத்தனை பேரும் துள்ளி எழுந்தார்கள்.

"கறியில தண்ணி ஊத்திட்டாளே!" வில்மார் தலையில் கை வைத்தான்.

"ஓ, எந்திரிக்கத் தெரியுமா உங்களுக்கு? நான் மடங்கி நின்னப்ப ஒருத்தன் அசையல. மாட்டு விலாவுக்கு எந்திரிச்சு நிக்கிறீங்க. வெக்கமா இல்ல? போங்க, அவனவன் வீட்டைப் பாத்துப் போங்க!"

போனார்கள். எல்பியோ மட்டும் ஈரச் சாம்பலைப் பார்த்தபடி நின்றான்.

"ஞாயித்துக்கிழமை கறியை யாராவது இப்படிப் பண்ணுவாங்களா, சுல்மா?"

"ஒரு வேளைக் கறி போச்சுன்னு அழுவுற. என் ஒரு வருஷத் தூக்கத்தைச் சுட்டுத் தின்னுட்ட நீ. சரி, கேட்டுக்க. இன்னையிலருந்து நான் முழிச்சிருந்தா நீயும் முழிச்சிருப்ப. குறட்டை விட்ட, இதே வாளி உன் தலை மேல கவுந்துரும்."

அவள் விளையாடவில்லை என்பது அவனுக்குப் புரிந்தது.

"எத்தனை நாளைக்கு?" என்றான்.

"செப்டம்பர்ல வசந்தம் வந்தாதான் செடி வைக்க முடியும். பூக்கிறது அடுத்த மார்ச்சுல. அப்புறம் காயணும். நீயே எண்ணிக்க."

எல்பியோ மாசங்களை விரல் விட்டு எண்ணினான். இரண்டு கையும் போதவில்லை. அவளுடைய இடுப்பு அப்போதுதான் முதல் தடவையாக அவனுக்கும் வலித்தது.