கவசம் போட்ட ஏழு பேர்

திருவரங்குளம் வீட்டு ஹாலில் அன்று இருந்தவர்கள் ஐந்து பேர்: வீட்டுக்காரர் நாகராசு, அவர் மனைவி ராசாத்தி, கீரமங்கலத்திலிருந்து வந்த சம்பந்தி குணசேகரன், அவர் மகளும் இந்த வீட்டு மருமகளுமான வைஷ்ணவி, தூளியில் உறங்கிய பத்து மாதப் பேத்தி சுடர்விழி. மகன் சேரன் கத்தாரிலிருந்து போனில் பார்த்துக்கொண்டிருந்தான். போனில் வந்தவனை நாகராசு வந்தவனாகச் சேர்ப்பதில்லை.

பேத்தியின் காதுகுத்து நெருங்கியிருந்தது. குலதெய்வக் கோயிலில்தான் குத்து, அதில் பேச்சில்லை. கறிவிருந்து எந்த ஊர்ப் பந்தலில் என்பதில் மூன்று வாரமாகச் சம்பந்திகள் இருவரும் இறங்கி வரவில்லை.

"மேசையில வச்சு முடிச்சுக்கங்க," என்றாள் வைஷ்ணவி. பெங்களூரில் வேலை பார்த்தபோது பழகிய போர் விளையாட்டு. விரல் உயரக் காலாட்படைப் பொம்மைகள், ஒவ்வொன்றும் அவள் கையால் வர்ணம் தீட்டியது. சாப்பாட்டு மேசையில் பச்சைத் துண்டு விரித்து, அடியில் குண்டானைக் கவிழ்த்துக் குன்றாக்கினாள். ஒரு பக்கம் தெர்மாகோல் பாலம், மறுபக்கம் கிணறு. ஆறு சுற்று முடியும்போது இந்த மூன்றில் இரண்டில் யாருடைய ஆள் நிற்கிறானோ அவர் ஊரில் விருந்து.

"ஆளுக்கு நூறு புள்ளி. வெறும் ஈட்டிக்காரன் அஞ்சு. கேடயம் ரெண்டு, கவசம் நாலு, வாள் மூணு. உங்க படைய நீங்களே எடுத்துக்கங்க."

குணசேகரன் பூ மண்டிக்காரர். யோசிக்காமல் இருபது வெறும் ஈட்டிக்காரர்களை அள்ளினார்.

நாகராசுவுக்குக் கூசியது. "என்ன சம்மந்தி, மேலுக்கு ஒரு துணி இல்லாமயா அனுப்புறது?"

"சண்டைக்குத்தானே போறாங்க, பொண்ணு பாக்கவா?"

நாகராசு ஒவ்வொருவனுக்கும் கேடயம், கவசம், வாள் என்று முறையாகச் சேர்த்தார். சீர்த்தட்டு எடுப்பதுபோல ஒற்றைப்படையில்தான் நிறுத்தினார். ஏழு பேர், தொண்ணூற்றெட்டுப் புள்ளி.

"மாமா, ரெண்டு புள்ளி மிச்சம் இருக்கு."

"கொடி ஒண்ணு குடும்மா."

"கவசம் போட்டா ஒரு சுத்துக்கு ஆறு அங்குலத்துக்குப் பதிலா நாலுதான் நடப்பாங்க, மாமா. பிரிச்சு அனுப்புங்க."

"நிதானமா நடக்கட்டும். நம்ம வீட்டாளுங்க சேந்துதான் போவாங்க."

ஏழு பேரும் கொடியோடு குன்றேறினார்கள். குணசேகரன் பதினொரு பேரைக் குன்றுக்கு ஏவிவிட்டு, மீதி ஒன்பது பேரைப் பாலத்துக்கும் கிணற்றுக்கும் ஓடவிட்டார். குன்றில் பகடை உருண்ட போதெல்லாம் ஈட்டிகள் கவசத்தில் பட்டு மழுங்கின. ஒருவர் பின் ஒருவராகப் பதினொருவரும் விழுந்தார்கள். நாகராசு மீசையைத் தடவினார்.

"பாத்தியா ராசாத்தி? நம்மாளு ஒருத்தன் சாஞ்சானா?"

"அதெல்லாம் சரிங்க. பாலத்துல யாரு நிக்கிறது?"

அப்போதுதான் அவர் பாலத்தைப் பார்த்தார், பிறகு கிணற்றை. இரண்டு சுற்றே மிச்சம். முதுகு நிமிர்ந்தபடியே இருந்தது, கை மட்டும் அவசரப்பட்டது. மூவரைக் குன்றிலிருந்து இறக்கிப் பாலத்துக்கு விரட்டினார். பாலத்தில் நின்றவர்கள் இரண்டே பேர், எட்டினால் வெட்டிவிடலாம்.

கடைசிச் சுற்றில் வைஷ்ணவி டேப்பை நீட்டினாள். "அரை அங்குலம் எட்டல, மாமா."

"திருப்பிப் பிடி."

திருப்பிப் பிடித்தாள். அரை அங்குலம்.

"ராசாத்தி, ஒன் கண்ணாடியப் போட்டு நீ பாரு."

ராசாத்தியும் பார்த்தாள். "அரைதாங்க. கவசத்தக் கழட்டிப் போட்டுட்டு ஓடச் சொல்லுங்க."

போனிலிருந்து சேரன் சிரித்த சத்தத்தில் குழந்தை விழித்துக்கொண்டது. குணசேகரன் பேத்தியைத் தூக்கினார். "ஆத்தா, ஒனக்குக் கீரமங்கலத்துல பந்தல். ஒங்க அய்யா குன்றுல நின்னு கொடி காட்டட்டும்."

நாகராசு வெற்றிலைத் தட்டை எடுத்துச் சம்பந்தி முன் வைத்தார். "ஆடு எத்தனைன்னு சொல்லுங்க. பாதி நாங்க."

விருந்து கீரமங்கலத்தில் நடந்தது. எண்ணூறு இலை விழுந்தது.

ஒரு ஆள்கூடச் சாகாதவர் எப்படித் தோற்பார், நாகராசு பெரிய மனது பண்ணிச் சம்பந்திக்கு விட்டுக்கொடுத்தார் என்று திருவரங்குளத்தில் ஒரு பேச்சு இருக்கிறது. அது சரியல்ல. அவர் விட்டுக்கொடுக்கவில்லை. தோற்றார்.