ஒரே சேற்றில்தானே நின்றோம்

இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. ஆஸ்திரேலியாவின் வடகோடியில், எங்கள் டார்வின் ஊரில் முதல் பெருமழை பெய்த மறுநாள், வீட்டுக்குப் பின்னால் அடைத்துக்கொண்ட வாய்க்காலை நானும் என் தம்பி கிளைவும் தோண்டினோம். வெறுங்கால்தான். இந்த வெக்கையில் எவன் பூட்ஸ் போடுவான்? எனக்கு முழங்கால்வரை சிராய்ப்பு. அவனுக்குக் குதிகாலில் சின்ன வெட்டு, அவ்வளவுதான். அதன்மேல் கொஞ்சம் ரம் ஊற்றினான், மிச்சத்தை வாயில் ஊற்றிக்கொண்டான்.

"கிருமியெல்லாம் காலி அக்கா, உள்ளயும் வெளியயும்!"

பத்தாம் நாள் அவனுக்குக் காய்ச்சல், மூச்சிரைப்பு. எனக்கு ஒரு தும்மல்கூட இல்லை.

பக்கத்துக் கிளினிக்கில் தெற்கிலிருந்து வந்திருந்த புது டாக்டர், தினமும் எவ்வளவு குடிப்பான் என்று கேட்டார். "ரெண்டு மூணு பியர்" என்றேன். எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் அதுதான் பதில், பாதிரியாரே கேட்டாலும் சரி. மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்.

இரண்டே நாளில் உதடு நீலம் பாரித்து, பெரிய ஆஸ்பத்திரியில் கிடந்தான்.

அங்கே டாக்டரம்மா என்னைப் பிடித்துக்கொண்டாள். "மழை வந்ததும் மண்ணுல ஒரு கிருமி மேல வரும். முக்கால்வாசிப் பேரை ஒண்ணும் பண்ணாது. உண்மையைச் சொல்லுங்க, எவ்வளவு குடிப்பார்?"

ஆக்சிஜன் முகமூடிக்கு மேலே கிளைவ் என்னை முறைத்தான். இரண்டு விரலைக் காட்டினான். இவன் மானமா, உயிரா?

"தினம் ஒரு பெட்டி. இருபத்துநாலு கேன். இருபது வருஷமா."

உடனே வேறு மருந்தை நரம்பில் ஏற்றச் சொன்னாள்.

"சேத்துல நானும்தானே நின்னேன்?" என்றேன். "இவனுக்கு ஒரு சளி பிடிச்சுப் பார்த்ததில்லையே! ரம் கிருமியைக் கொல்லாதா?"

"உடம்புக்குள்ள கிருமியை எதிர்க்கக் காவல் இருக்கும்மா. இவ்வளவு குடிச்சா கிருமி சாகாது, காவல்தான் படுத்துடும்."

தலையை ஆட்டினேன். பாதிகூடப் புரியவில்லை.

ஐந்தாம் நாள் காய்ச்சல் கொஞ்சம் இறங்கியது. முகமூடியை விலக்கினான்.

"ஊர் முன்னாடி என் மானத்தை வாங்கிட்டியே."

"ஆமாடா. வருஷா வருஷம் உன் பிறந்தநாளுக்குப் பெட்டி வாங்கிக் கொடுத்தது நான்தான்னும் சொல்லிட்டேன்."

"அதுக்கு என்ன சொன்னாங்க?"

"மொதல்ல அடுத்த பிறந்தநாள் வரட்டும்னாங்க."