போட்டாச்சு

எங்கள் வீட்டுப் பேச்சில் ஆள் இருக்காது. சோறு ஆச்சு. குப்பை போட்டாச்சு. கரண்ட் பில் கட்டணும். யார், யாருக்கு என்பதெல்லாம் கிடையாது. என் வீட்டுக்காரர் சாகுல் ஹமீது விடியுமுன் உட்லண்ட்ஸ் டிப்போவுக்குப் பஸ் ஓட்டப் போகிறவர். நான் லிட்டில் இந்தியாவில் ஒரு சேலைக்கடையில் நாள் முழுக்க நின்றுவிட்டு, கடை அடைத்த பிறகு புக்கிட் மேரா வீட்டுக்கு வந்து சேர்கிறவள். ஒருவர் விழித்திருந்தால் மற்றவருக்குத் தூக்கம். இதற்கு மேல் இலக்கணம் பார்க்கத் தெம்பில்லை.

மகள் அனம் வீட்டை விட்டுப் போனபோது ஒரு செடியை விட்டுப் போனாள். மான்ஸ்டெரா என்று பெயராம். அகலமான இலை, அதில் ஓட்டை ஓட்டையாக. கல்யாணத்துக்கு முன்னால் தனியாக அறை எடுத்துத் தங்குவேன் என்று அவள் சொல்ல, பேச்சு முற்றி, "போறதுன்னா சாவிய வச்சிட்டுப் போ" என்று இவர் சொல்லிவிட்டார். அவளும் செருப்பு அலமாரி மேல் டக்கென்று வைத்துவிட்டாள். அப்பனுக்கும் மகளுக்கும் ஒரே கொழுப்பு.

லிஃப்ட் வாசலில் என்னிடம் மட்டும் பேசினாள். "ரூம் ஓனர் செடி வைக்கக் கூடாதுங்கிறாங்க, உம்மா. வேற இடம் கிடைச்சதும் வந்து எடுத்துக்கறேன். மாசம் ஒரு மூடி உரம், தண்ணியில கலந்து ஊத்துனா போதும்லா."

அதற்குப் பிறகு அவள் வரவே இல்லை. போன் மட்டும், அதுவும் எனக்கு மட்டும். ஆனால் செடி இங்கே இருக்கிறவரை ஒருநாள் வந்துதானே ஆக வேண்டும்? அந்த ஒரு நம்பிக்கையில்தான், நின்று நின்று வீங்கிய காலோடு அதற்கு உரம் கலக்கினேன். மறந்துவிடக் கூடாதே என்று "செடிக்கு உரம் போடணும்" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொள்வேன். படுத்திருக்கிறவர் சுவரைப் பார்த்தபடி "ம்" என்பார். அந்த "ம்" எல்லாவற்றுக்கும் வருவதுதான். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

சில மாதங்களில் இலை ஓரம் பழுப்பேறியது. பசிக்கிறது போல என்று இன்னொரு மூடி ஊற்றினேன். மேலும் கருகியது. உரப் பாட்டில் வேறு சீக்கிரம் காலியானது. இந்தக் காலத்தில் எதுதான் நீடித்து வருகிறது என்று புலம்பிக்கொண்டே வேறு வாங்கினேன்.

போன வாரம் அனம் அழைத்தாள். "இடம் கிடைச்சிருச்சு உம்மா. சண்டே வந்து செடிய எடுத்துக்கறேன்."

போனை வைத்துவிட்டுச் செடியைப் பார்த்தேன். தீய்ந்த அப்பளம் மாதிரி நின்றது. வாப்பா வேண்டுமென்றே சாகவிட்டார் என்றுதானே நினைப்பாள்? அப்புறம் இந்த வாசலை எதற்கு மிதிப்பாள்?

"நீங்க ஒரு நாளாவது இதத் திரும்பிப் பாத்தீங்களா?" என்று அவரிடம் எரிந்து விழுந்தேன். அவர் சுவர்ப் பக்கம் புரண்டு படுத்தார். மேற்கொண்டு சண்டை போட எனக்கும் உடம்பில் சத்தில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தாள். ஸலாம் சொன்னாள். இவர் முணுமுணுப்பாகப் பதில் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அனம் செடிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, மண்மேல் உப்புப் பூத்தது போலிருந்த வெள்ளைப் படிவை நகத்தால் சுரண்டினாள்.

"உரம் ஓவரா போயிருக்கு. இவ்ளோ யாரு போட்டது?"

"மாசம் ஒரு மூடிதான்மா போட்டேன். கருகவும் இன்னொரு மூடி..."

"ரெண்டு மூடிக்கு இப்படி ஆகாது, உம்மா."

"நான்தான் போட்டேன்," என்றார் அவர்.

இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தோம்.

"மாசாமாசம் உரம் போடணும், உரம் போடணும்னு இவ சொல்லிக்கிட்டே இருந்தா. என்னைத்தான் போடச் சொல்றான்னு நெனச்சேன். வேலைக்குக் கிளம்புறப்போ போட்டுட்டுப் போவேன். இலை கருகவும், பத்தலையோன்னு வாராவாரம் போட்டேன்." ஜன்னலை விட்டு அவள் பக்கம் திரும்பினார். "உன் செடி செத்துடக் கூடாதுன்னுதான் போட்டேன்."

அனம் தொட்டியைத் தூக்கினாள். கனத்தது. இவர் போய் மறுபக்கம் பிடித்தார். குளியலறையில் வைத்துக் குழாயைத் திறந்துவிட்டார்கள். அடித்துளை வழியாக மஞ்சள் தண்ணீர் வெகுநேரம் ஓடியது.

"வேர் இன்னும் இருக்கு," என்றாள் அனம். "ஆனா இப்ப தூக்கிட்டுப் போனா தாங்காது. இங்கயே இருக்கட்டும். உரமே வேணாம். நீங்க ரெண்டு பேரும் கிட்டயே வராதீங்க. நான் வந்து பாத்துக்கறேன்."

"நாங்க வேலைக்குப் போயிட்டா கதவு பூட்டியிருக்குமே," என்றார் அவர்.

ஈரக் கையைச் சட்டையில் துடைத்துவிட்டு, தன் சாவிக்கொத்திலிருந்து ஒரு சாவியைக் கழற்றினார். அலமாரி மேல் அவள் வைத்துவிட்டுப் போன சாவி. அன்றைக்கு நான் தேடிக் கிடைக்காமல், தொலைந்தது என்று விட்டது. இத்தனை மாதமும் பஸ் ஓட்டும்போதெல்லாம் அது அவர் இடுப்பில்தான் இருந்திருக்கிறது.

அவள் வாங்கிக்கொண்டாள். நான் குளியலறை வாசலிலேயே உட்கார்ந்து அழுதேன்.